வடிவமைப்புக்கு நிறுவன உத்தியில் என்ன வேலை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்கிறேன். தொழிற்சாலைகளுக்கான அளவீட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறீர்கள். வடிவமைப்பை உத்தியின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்கிறார்கள். அதற்கென ஒரு தலைமை அதிகாரியை நியமிக்கும் பேச்சும் நடக்கிறது. இதில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறதா, அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகும் நிர்வாக மோகங்களில் இதுவும் ஒன்றா என்று கேட்கிறீர்கள்.

விஷயமும் இருக்கிறது, மோகமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, உத்தி என்றால் என்ன என்பதில் முதலில் ஒத்துப்போக வேண்டும். எதைச் செய்வோம், அதற்காக எதைக் கைவிடுவோம் என்ற தீர்மானமே உத்தி. அது ஆவணமாக இருக்கும்வரை யாருக்கும் வலிப்பதில்லை. மலிவாகவும் இருப்போம், தரத்திலும் முதலிடம் பிடிப்போம், எல்லாச் சந்தைகளுக்கும் போவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அந்த வாசகங்கள் ஒரு கருவியாகவும் கட்டணப் பட்டியலாகவும் பழுதுபார்க்கும் முறையாகவும் மாறும்போதுதான் எல்லாம் ஒருசேர நடக்காது என்று தெரியவருகிறது. பெட்டியின் அளவைக் குறைத்தால் மின்கலம் சிறியதாகும். திரையைப் பெரிதாக்கினால் விலை ஏறும். எதை விடுவது என்று யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். வடிவமைப்பு என்று நான் சொல்வது அந்தத் தீர்மானங்களை எடுக்கும் வேலையைத்தான். ஆகவே வடிவமைப்பு முக்கியமா என்று கேட்பதில் பயன் இல்லை. வடிவமைப்பாளர் எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறார், வந்தபின் எதையெல்லாம் மாற்ற அவருக்கு உரிமை உண்டு என்று கேளுங்கள்.

பழைய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். புதிய நிறுவனங்களின் கதைகளில் விளம்பரமும் உண்மையும் இன்னும் பிரியாமல் கிடக்கின்றன.

1880-களின் நடுவில், பின்னாளில் கோடாக் என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன், கண்ணாடித் தகடுகளுக்குப் பதிலாகச் சுருட்டி வைக்கக்கூடிய ஃபிலிமை விற்கத் தொடங்கினார். தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் அதைச் சீந்தவில்லை. கண்ணாடித் தகட்டில் கிடைக்கும் தெளிவு அவர்களுக்கு வேண்டும். முக்காலியும் இரசாயனங்களும் இருட்டறையும் அவர்களுக்குப் பழகிப்போன சுமைகள். அந்த இடத்தில் பல நிறுவனங்கள் ஃபிலிமின் தரத்தை உயர்த்துவதிலேயே பணத்தைக் கொட்டியிருக்கும். ஈஸ்ட்மன் வாடிக்கையாளரையே மாற்றிக்கொண்டார். படம் எடுக்கத் தெரியாதவர்களுக்கு விற்பது என்று முடிவுசெய்தார்.

1888-இல் வந்த கோடாக் கேமரா அந்த முடிவின் உருவம். தோல் போர்த்திய ஒரு சிறு பெட்டி. எதைப் படம் பிடிக்கிறோம் என்று பார்க்கும் சாளரம்கூட அதில் இல்லை. கயிற்றை இழுப்பது, சாவியைத் திருப்புவது, பொத்தானை அழுத்துவது ஆகிய மூன்றே செயல்கள். நூறு படங்களுக்கான சுருள் உள்ளே போட்டே விற்கப்பட்டது. நூறும் தீர்ந்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளைப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கேமரா 25 டாலர். இந்தச் சேவைக்கு 10 டாலர்.

இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது? பெட்டியின் தோற்றத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. புகைப்படக்காரரின் வேலையை இரண்டாக வெட்டி, பொத்தானை அழுத்தும் பாதியை மட்டும் வாங்குபவரிடம் விட்டு, மீதியைத் தொழிற்சாலைக்குள் இழுத்துக்கொண்டதுதான் வடிவமைப்பு. கேமராவின் எளிமையும் தொழிற்சாலையில் படம் கழுவும் பிரிவும் விலையும், பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற விளம்பர வாசகமும் அந்த ஒரே வெட்டிலிருந்து பிறந்தவை. குவியத்தை மாற்ற முடியாது, படங்கள் இரண்டரை அங்குல வட்டங்களாக வரும், தேர்ந்த புகைப்படக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளும் துணிவு ஈஸ்ட்மனின் உத்தியில் அடக்கம்.

1900-இல் ஒரு டாலருக்கு பிரவுனி கேமரா வந்தபோது கணக்கு இன்னும் தெளிவானது. கேமரா ஒரு நுழைவுச்சீட்டு. இலாபம் ஃபிலிமிலும் கழுவுவதிலும் இருந்தது. இந்த ஏற்பாடு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உழைத்தது. பிறகு அதுவே கழுத்தில் கட்டிய கல்லானது. அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இலேயே ஒரு டிஜிட்டல் கேமராவை உருவாக்கிவிட்டார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அதைப் பெட்டியில் பூட்டி வைத்ததால்தான் நிறுவனம் 2012-இல் திவாலாகிப் பாதுகாப்புக் கோரியது என்று மேடைகளில் சொல்வார்கள். அது பாதி உண்மை. பிற்காலத்தில் அவர்கள் டிஜிட்டல் கேமராக்களை ஏராளமாக விற்றார்கள். ஆனால் டிஜிட்டல் கேமரா விற்றபின் வாங்குபவரிடமிருந்து அடுத்து வர வேண்டிய வருமானம் எது என்பதற்கு, 1888-இல் கிடைத்ததுபோல் ஒரு விடை கிடைக்கவில்லை. புதிய கருவியை வடிவமைத்தார்கள். புதிய வெட்டை வடிவமைக்கவில்லை.

புத்தாக்கம் என்றதும் தொழில்நுட்பத்தை நினைப்பது நம் வழக்கம். பெரும்பாலும் தொழில்நுட்பம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் கிடைக்கிறது. 1989-இல் நின்டெண்டோ தன் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டபோது வண்ணத் திரை சந்தையில் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு அடாரி நிறுவனத்தின் லிங்க்ஸ் வண்ணத் திரையோடு வந்தது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது. இரண்டும் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயை வடிவமைத்த குன்பெய் யோகோய் பச்சைப் பின்னணியில் மங்கலாகத் தெரியும் ஒற்றை நிறத் திரையைத் தேர்ந்தெடுத்தார். நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விலை லிங்க்ஸில் ஏறத்தாழ பாதி. அவருடைய கொள்கை எளிமையானது: பழகித் தேய்ந்து, மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்கு யாரும் நினைக்காத ஒரு பயனைக் கண்டுபிடி. பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து அந்த வரிசை 11 கோடிக்கும் மேல் விற்றது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் தோற்றிருக்க வேண்டும். பயணத்தில், பள்ளி இடைவேளையில், சிறுவர் கையிலிருந்து கீழே விழும் இடங்களில் அது வென்றது. பொருள் எங்கே வாழப்போகிறது என்பதை யார் கூர்ந்து யோசித்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

இனி, வடிவமைப்பு உத்தியையே திருப்பிப் போட்ட ஒரு நிகழ்வு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான். அழகு பற்றிய பேச்சே இதில் வராது.

கென்யாவில் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையை தொலைத்தொடர்பு நிறுவனமான வோடஃபோனும் அது பங்கு வைத்திருந்த சஃபாரிகாமும் 2005-இல் சோதனையாகத் தொடங்கின. பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியிலிருந்தும் உதவி கிடைத்திருந்தது. அப்போது நோக்கம் வேறு: குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசி வழியாகக் கட்ட வேண்டும். சில நூறு பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மக்கள் தவணை கட்டியதோடு நிற்கவில்லை. ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். பயணம் புறப்படும் ஊரில் பணத்தைக் கணக்கில் போட்டு, போய்ச்சேரும் ஊரில் எடுத்துக்கொண்டார்கள். வழியில் திருட்டுப் பயம் இல்லை. வேறொருவரின் கைபேசிக்குப் பேச்சு நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். குறுங்கடன் நிறுவனத்துக்கோ தன் கணக்கு முறையை இதனுடன் பொருத்துவது பெரிய தலைவலியாக இருந்தது.

இதைப் பிழையான பயன்பாடு என்று அறிக்கையில் எழுதி மூடிவைத்திருக்கலாம். அவர்கள் திட்டத்தையே மாற்றினார்கள். 2007 மார்ச்சில் நாடு முழுவதும் அறிமுகமானபோது கடன் தவணை பின்னுக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்பதுதான் முழக்கம். கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. அந்த ஒரு முடிவுக்கேற்பச் சிறியவை எல்லாம் ஒழுங்காயின. எந்த மலிவுக் கைபேசியிலும் ஓடும் வகையில் சேவை சிம் அட்டையின் பட்டியலுக்குள் வைக்கப்பட்டது. பேச்சு நேரம் விற்ற சிறு கடைகளே பணம் வாங்கிக் கொடுக்கும் முகவர்களாயின. கணக்கில் பணம் போடுவது இலவசம்; அனுப்பவும் எடுக்கவும் கட்டணம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உடனே குறுஞ்செய்தி வந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு அதுதான் இரசீது, அதுதான் நம்பிக்கை. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் பணப் பரிமாற்றத் தொழிலுக்குள் நுழைந்தது இப்படித்தான். இயக்குநர் குழுவின் கூட்டத்தில் மட்டும் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

பெரிய நிறுவனத்துக்குள் அதிகாரம் எப்படி மாறுகிறது என்பதற்குச் சாம்சங்கைப் பார்க்கலாம். 1993-இல் அதன் தலைவர் லீ குன்-ஹீக்கு ஜப்பானிய வடிவமைப்பு ஆலோசகர் தாமியோ ஃபுகுதா ஓர் அறிக்கை கொடுத்தார். நிறுவனத்தில் வடிவமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொன்ன அறிக்கை அது. அதைப் படித்த கோபத்தோடு, அதே ஆண்டு பிராங்க்ஃபர்ட்டில் தன் அதிகாரிகளைக் கூட்டி, மனைவி மக்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று அவர் முழங்கியது வணிக உலகில் பெயர்பெற்ற நிகழ்ச்சி. 1996-ஐ வடிவமைப்புப் புரட்சி ஆண்டு என்று அறிவித்தார்கள். முழக்கங்களை விடுங்கள். அடியில் நடந்தது வேறு. அதுவரை பொறியாளர்கள் உள்ளுறுப்புகளை முடிவுசெய்து அனுப்புவார்கள்; வடிவமைப்பாளர் அதற்கு ஒரு மேல்தோல் போடுவார். அந்த வரிசை கலைய ஏறத்தாழப் பத்தாண்டு பிடித்தது.

2006-இல் வந்த போர்டோ தொலைக்காட்சி அதன் விளைவு. நாளின் பெரும்பகுதி தொலைக்காட்சி அணைந்தே இருக்கிறது, அப்போது அது ஓர் அறைகலன் என்பதுதான் வடிவமைப்பாளர்களின் வாதம். திரையின் இருபுறமும் இருந்த ஒலிபெருக்கிகள் கண்ணில் படாமல் கீழே போயின. ஒலித்தரம் குறையும் என்ற எதிர்ப்பு இருந்தது, அது நியாயமான எதிர்ப்பும்கூட. ஆனாலும் துணிந்து செய்தார்கள். அந்த ஆண்டே வருவாய்க் கணக்கில் உலகத் தொலைக்காட்சிச் சந்தையில் சாம்சங் முதலிடத்துக்கு வந்தது. ஒலிபெருக்கியைக் கீழே தள்ள ஒரு வடிவமைப்பாளருக்கு அதிகாரம் இருந்ததா இல்லையா என்பதுதான் உங்கள் கேள்விக்கான அளவுகோல். பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கலாம்.

வடிவமைப்பு என்றாலே நன்மை என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உத்தி கெட்டதாக இருந்தால் வடிவமைப்பு அதையும் விசுவாசமாக நிறைவேற்றும். 1920-களில் ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’ என்ற ஒரே வகைக் காரைத் தயாரித்து விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1927-இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் தோற்றத்துக்கும் வண்ணத்துக்கும் தனிப் பிரிவு தொடங்கி, ஆண்டுதோறும் மாடலை மாற்றும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. அதே ஆண்டு ஃபோர்டு, ஒன்றரைக் கோடி கார்கள் விற்ற தன் மாடல் டியை நிறுத்தி, ஆலைகளை மாதக்கணக்கில் மூடி, புதிய மாதிரிக்குத் தயாரானது. வணிகமாகப் பார்த்தால் ஜெனரல் மோட்டார்ஸின் அபாரமான வெற்றி. ஓடிக்கொண்டிருக்கும் காரின் மேல் அதன் உரிமையாளருக்கே சலிப்பு வரவழைப்பது அந்த வெற்றியின் இயந்திரம். நம் கைபேசிகள்வரை அந்த வழக்கம் தொடர்கிறது.

இணையத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். ஒரு நிறுவனத்தின் உண்மையான உத்தியை அறிய அதன் ஆண்டறிக்கையைவிடச் சந்தாவை ரத்துசெய்யும் பக்கம் உதவும். சேர ஒரு சொடுக்கு, விலக ஆறு பக்கங்கள் என்றிருந்தால் அங்கே ஒரு வடிவமைப்பாளர் திறமையாக வேலை செய்திருக்கிறார் என்றுதான் பொருள். 2022-இல் எபிக் கேம்ஸ் நிறுவனம், விளையாடுபவர்களைத் தெரியாமல் பணம் செலுத்த வைக்கும் பொத்தான் அமைப்புகளுக்காக 24.5 கோடி டாலர் கொடுக்க அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

இவற்றைவிடக் கனமான உதாரணம் போயிங் 737 மேக்ஸ். போட்டி நிறுவனமான ஏர்பஸ் எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய எஞ்சின்களோடு தன் விமானத்தை 2010-இன் இறுதியில் அறிவித்தது. போயிங் புதிய விமானத்தை உருவாக்காமல், 1960-களில் பிறந்த 737-இலேயே பெரிய எஞ்சின்களைப் பொருத்தத் தீர்மானித்தது. விமானிகளுக்குப் புதிய சிமுலேட்டர் பயிற்சி தேவைப்படாது என்பது வாங்குபவர்களுக்குக் கொடுத்த வாக்கு. இது விற்பனை உத்தி. ஆனால் எஞ்சின்கள் முன்னும் மேலுமாக நகர்ந்ததில் விமானம் பறக்கும் தன்மை சில சமயங்களில் மாறியது. பழைய விமானத்தைப் போலவே அது நடந்துகொள்ள, மூக்கைத் தானாகக் கீழே இறக்கும் ஒரு மென்பொருள் சேர்க்கப்பட்டது. அது ஒரே ஓர் உணரியின் அளவை நம்பியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கம் இல்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். பயிற்சி கூடாது என்ற வணிக நிபந்தனை வரைபடத்துக்குள் நுழைந்து, அங்கே யாராலும் தொட முடியாத கட்டளையாக உட்கார்ந்துவிட்டது. வடிவமைப்பு உத்தியோடு பேச வேண்டும் என்று சொல்லும்போது, திருப்பிப் பேசவும் உரிமை வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆலோசகர்கள் உங்களிடம் புள்ளிவிவரம் காட்டியிருப்பார்கள். பெரும்பாலும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 300 நிறுவனங்களை ஐந்தாண்டுக் காலத்துக்குப் பார்த்து, வடிவமைப்பில் முதல் கால்பகுதியில் இருந்தவற்றின் வருவாய் வளர்ச்சி தத்தம் துறையின் மற்ற நிறுவனங்களைவிட 32 சதவீதப் புள்ளிகளும், பங்குதாரர்களுக்குக் கிடைத்த ஆதாய வளர்ச்சி 56 சதவீதப் புள்ளிகளும் கூடுதல் என்றது. இன்னொன்று அமெரிக்காவின் வடிவமைப்பு மேலாண்மை நிறுவனம் கணக்கிட்ட குறியீடு. வடிவமைப்பை முன்வைத்த பங்குகள் 2015 வரையிலான பத்தாண்டில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500-ஐவிட 211 சதவீதம் அதிகம் தந்தன என்றது. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது பட்டியலில் இருந்தவை பதினைந்து, பதினாறு நிறுவனங்கள்தான். அவற்றில் ஒன்று ஆப்பிள். முதலாவதிலும் எது காரணம், எது விளைவு என்பது தெளிவில்லை. நன்றாக நடத்தப்படும் நிறுவனம் நிதித்துறையையும் நன்றாக வைத்திருக்கும், வடிவமைப்பையும் நன்றாக வைத்திருக்கும். இந்த எண்களை நம்பி இயக்குநர் குழுவிடம் பணம் கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டு அதே எண்களைக் காட்டி உங்களிடமே கணக்குக் கேட்பார்கள்.

தோல்விகளும் பணம் கொட்டப்பட்ட இடங்களிலேயே நடந்திருக்கின்றன. 2009 ஜனவரியில் டிராபிகானா பழச்சாற்றின் பெட்டியை நவீனமாக்குகிறோம் என்று, ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் குத்தியிருந்த பழைய படத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் விழுந்தது. பழைய பெட்டி திரும்பி வந்தது. கடை அடுக்கில் அந்தப் படத்தைத் தேடித்தான் கை போகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஜூசெரோ என்ற நிறுவனம் 2016-இல் 699 டாலருக்குப் பழச்சாறு பிழியும் இயந்திரம் ஒன்றை விற்றது. பார்க்க மிக அழகான பொருள், உள்ளே அசுரத்தனமான பொறியியல். அதற்கென விற்கப்பட்ட பொதியைக் கையாலேயே பிழிந்துவிடலாம் என்று 2017-இல் செய்தியாளர்கள் பிழிந்து காட்டினார்கள். சில மாதங்களில் கடை மூடப்பட்டது. திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. இந்த இயந்திரம் தேவைதானா என்ற கேள்வியைக் கேட்கும் இடத்தில் யாரும் இருக்கவில்லை.

ஒட்டுத் தாள்களைச் சுவரெங்கும் ஒட்டி நடத்தும் ‘வடிவமைப்புச் சிந்தனை’ப் பட்டறைகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒருநாள் பட்டறையில் யாருக்கும் கெடுதல் இல்லை. வெவ்வேறு துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள், மதிய உணவும் நன்றாக இருக்கும். மறுநாள் உற்பத்தித் திட்டமும் செலவுக் கணக்கும் பழையபடியே நடக்கும் என்றால் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. வடிவமைப்பின் கடினமான பகுதி யோசனை பிறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் டைசன் தன் தூசி உறிஞ்சிக்காக 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தார் என்பது பலருக்குத் தெரியும். தூசி தெரியும்படி கண்ணாடி போன்ற கலத்தை வைக்க வேண்டாம், யாரும் குப்பையைப் பார்க்க விரும்ப மாட்டார்கள் என்று கடைக்காரர்களும் சந்தை ஆய்வும் சொன்னதையும் மீறி அவர் அதை வைத்தார் என்பதைக் குறைவாகவே பேசுகிறார்கள். பயன்படுத்துபவரைக் கூர்ந்து கவனிப்பது ஒன்று, அவர் சொல்வதை எழுதிக்கொள்வது வேறொன்று. புதிய பொருளைப் பற்றிக் கருத்துக் கேட்டால் மக்கள் பழகிய பொருளை வைத்துத்தான் பதில் சொல்வார்கள்.

இன்னொன்று, இந்தத் திறன் ஒருமுறை வந்தால் தங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் இத்தாலிய நிறுவனமான ஒலிவெட்டியின் தட்டச்சு இயந்திரக் கடையைப் பார்த்து அசந்துபோன ஐபிஎம்மின் தலைவர் தாமஸ் வாட்சன் இளையவர், 1956-இல் எலியட் நோய்ஸ் என்ற கட்டடக்கலைஞரை அழைத்து, கட்டடம் முதல் இலச்சினைவரை எல்லாவற்றையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவந்தார். நல்ல வடிவமைப்பே நல்ல வணிகம் என்று பின்னாளில் அவர் சொன்னதை மேற்கோள் காட்டாத ஆலோசகர் இல்லை. அதே ஐபிஎம் 2012-இல் வடிவமைப்புக்கென ஒரு திட்டத்தைப் புதிதாகத் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவமைப்பாளர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட தலைமுறையில் அந்தப் பழக்கம் கரைந்திருந்தது.

உங்கள் நிறுவனத்துக்கு வருகிறேன். அளவீட்டுக் கருவியை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர், பழுதுபார்ப்பவர் மூன்றாமவர். கொள்முதல் அதிகாரி துல்லியத்தையும் விலையையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். இரைச்சலும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த இடத்தில் கையுறையோடு அதை இயக்குபவரின் குரல் உங்கள் விற்பனைத் துறைக்கு எட்டுவதே இல்லை. உங்கள் சேவைத் தொழில்நுட்பர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள்தான் உங்களிடம் இருக்கும் மிக மலிவான ஆய்வுத் தரவு. கருவியில் பழுதில்லை, இயக்கியவரின் பிழை என்று எழுதி மூடப்பட்ட புகார்களை முதலில் எடுங்கள். ஒரே பிழையைப் பல இடங்களில் பலர் செய்கிறார்கள் என்றால் அது கருவியின் பிழை. அவற்றைப் படித்தபின், கருவியை விற்பதைவிட அளவீட்டையே மாதக் கட்டணத்துக்கு ஒரு சேவையாகக் கொடுக்கலாமா, கருவியின் அளவு சரியா என்று பார்த்துத் திருத்தும் அளவுத்திருத்தத்துக்கு ஆள் அனுப்பாமல், அளவிடும் தலைப்பகுதிக்கு மாற்று ஒன்றை அஞ்சலில் அனுப்பினால் போதுமா போன்ற கேள்விகள் எழலாம். அவை உத்திக் கேள்விகள். பெரிய முதலீட்டுக்கு முன் அட்டையாலும் கடனாக வாங்கிய உதிரிபாகங்களாலும் ஒரு மாதிரியைச் செய்து, ஒரு வாடிக்கையாளரின் ஆலையில் சில வாரம் ஓட்டிப் பார்க்க முடியும்.

அறைகலன் நிறுவனமான ஐகியா தன் பொருள்களுக்கு முதலில் விலையைத்தான் வடிவமைப்பதாகச் சொல்கிறது. பிரித்து, தட்டையாக அடுக்கி, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் மேசை அந்த விலையிலிருந்து பிறந்தது. உங்கள் வடிவமைப்பாளரும் செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அச்சு வார்ப்புக்கு என்ன செலவாகும், எந்தப் பாகத்தை மாற்றினால் இருப்பு குறையும் என்று தெரியாதவரை உத்திக் கூட்டத்தில் உட்காரவைத்தால் அவர் வண்ணங்களைப் பற்றித்தான் பேசுவார். பிறகு வடிவமைப்பென்றால் வண்ணம்தானே என்று மற்றவர்கள் முடிவுகட்டுவார்கள்.

டென்மார்க்கின் வடிவமைப்பு மையம் 2001-இல் நான்கு படிகள் கொண்ட ஓர் ஏணியை முன்வைத்தது. வடிவமைப்பே இல்லாத நிறுவனம் முதல் படி. தோற்றத்துக்கு மட்டும் பயன்படுத்துவது இரண்டாவது. பொருளை உருவாக்கும் முறையிலேயே சேர்ப்பது மூன்றாவது. உத்தியாக வைப்பது நான்காவது. ஏணி என்றதும் எல்லாரும் உச்சிக்கு ஏறியாக வேண்டும் என்று ஆலோசகர்கள் அவசரப்படுத்துகிறார்கள். நீங்கள் இருப்பது இரண்டாவது படி என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். மூன்றாவதை ஒரே ஒரு பொருள் வரிசையில் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் நான்காவதுக்குத் தாவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. செய்து பார்த்தபின் ஒரு சோதனை வையுங்கள்: வடிவமைப்பு வேலையின் விளைவாக ஏதாவது ஒரு திட்டம் கைவிடப்பட்டதா, அல்லது ஏதாவது ஒரு வசதி நீக்கப்பட்டதா? சேர்த்தவை மட்டுமே இருந்தால் அந்தத் துறைக்கு இன்னும் அதிகாரம் போய்ச் சேரவில்லை.

அதன்பிறகும் தலைமை அதிகாரியை நியமிப்பதென்றால், அவர் விற்பனைத் துறைக்குக் கீழே போகாமல் பொருள் முடிவுகளை எடுப்பவரிடம் நேரடியாகப் பொறுப்பேற்கட்டும். நியமனக் கடிதத்தில் அவர் பார்க்க உரிமையுள்ள ஆவணங்களையும் எழுதுங்கள்: பாக வாரியான செலவுக் கணக்கு, சேவைப் புகார்கள், கைநழுவிப்போன ஒப்பந்தங்களின் விவரம். இவற்றைக் காட்ட உங்கள் துறைத் தலைவர்கள் தயங்கினால் நியமனத்தைத் தள்ளிவையுங்கள். கருவியின் தோற்றத்தையும் திரையையும் மட்டும் வெளியில் உள்ள ஒரு நல்ல வடிவமைப்பு அலுவலகத்திடம் ஒப்பந்தத்துக்குக் கொடுங்கள். அந்த வேலைக்கு அது போதும், செலவும் குறைவாகவே இருக்கும்.